நீர் நிற்கும் இடமும் கோரையின் பெயரும்

நாமக்கல் மாவட்டத்தில், அடிவாரத்துக் காரவள்ளியிலிருந்து 70 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து ஏறிச் சேரும் கொல்லிமலை, ஒற்றைச் சிகரமாக எழுந்து நிற்கும் மலையன்று. கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,000 முதல் 1,300 மீட்டர் உயரத்தில் மேடும் பள்ளமுமாகப் பரந்து கிடக்கும் ஒரு மேட்டுநிலம். அதன் சரிவுகளில் சாமையும் கேழ்வரகும் மரவள்ளியும் விளைகின்றன. மர நிழலில் காப்பியும் மிளகும் வளர்கின்றன. இரு மேடுகளுக்கு நடுவே மழைநீரும் ஊற்றுநீரும் இறங்கிச் சேரும் தாழ்வுகளில், படிப்படியாக வரப்பிட்ட நெல்வயல்கள் அமைந்திருக்கின்றன. தென்மேற்குப் பருவமழையும் வடகிழக்குப் பருவமழையும் பெறும் இம்மலையில், ஆண்டின் பெரும்பகுதி ஈரம் காயாத நிலம் இந்தத் தாழ்வுகளிலும், அவற்றின் ஓரமாக ஓடும் ஓடைகளிலும், ஆகாயகங்கை அருவியாக விழுந்து அடிவாரத்துப் புளியஞ்சோலையை நோக்கி இறங்கும் ஐயாற்றின் கரைகளிலும்தான் உண்டு. இவ்வீரநிலங்களில் நெல்லுக்கு அடுத்தபடியாகக் கண்ணில் படும் செடி கோரை. ஆனால் கோரை என்பது ஒரு செடியின் பெயரன்று என்பதையும், ஒரே வரப்பின் இருபுறமும் நிற்கும் இரண்டு கோரைகள் இருவேறு இனங்களாக இருக்கக்கூடும் என்பதையும், அவற்றைப் பிரித்தறிய எதை எதைப் பார்க்க வேண்டும் என்பதையும் இவ்வத்தியாயம் விளக்குகிறது.

தாவரவியலார் சைபெரேசியே என்று அழைக்கும் கோரைக் குடும்பத்தில் உலகம் முழுவதும் ஏறத்தாழ 5,500 இனங்கள் உள்ளன. ஒருவித்திலைத் தாவரங்களில் ஆர்க்கிடு, புல் ஆகிய இரு குடும்பங்களுக்கு அடுத்த பெரிய குடும்பம் இதுவே. புல்லைப் போன்ற தோற்றத்தால் கோரையும் புல்லும் ஒன்றாகவே எண்ணப்படுவதுண்டு. எனினும் ஒரு தண்டைப் பெருவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் நடுவே வைத்து உருட்டினாலே வேறுபாடு பெரும்பாலும் தெரிந்துவிடும். புல்லின் தண்டு உருண்டு, கணுக்களில் புடைத்து, கணுவிடையில் பெரும்பாலும் உள்ளே குழலாக இருக்கும். கோரையின் தண்டு முப்பட்டையாக, கணுப் புடைப்பின்றி, உள்ளே வெண்ணிறச் சோற்றால் நிறைந்திருக்கும். புல்லின் இலைகள் தண்டின் இரு பக்கங்களில் மாறி மாறி அமைய, கோரையின் இலைகள் மூன்று வரிசைகளில் அமைகின்றன. தண்டைச் சுற்றியுள்ள இலையின் அடிப்பகுதியான இலையுறை, பெரும்பாலான புற்களில் ஒரு பக்கம் பிளந்திருக்கும். கோரையில் அது குழாய்போல் மூடியே இருக்கும். கனியிலும் ஒரு வேறுபாடு உண்டு. நெல்மணியில் கனித்தோலும் விதைத்தோலும் ஒன்றோடொன்று ஒட்டித் தவிடாகக் கிடக்கின்றன. கோரையில் விதை கனித்தோலோடு ஒட்டாமல், ஒரு சிறு கொட்டைக்குள் இருக்கும் பருப்புப்போலத் தனித்திருக்கிறது. கடுகைவிடச் சிறிய இந்தக் கொட்டைக்கனிதான் கோரையை இனங்காண்பவருக்கு இறுதித் தீர்ப்பைத் தருவது.

முப்பட்டைச் சோதனைக்கு விதிவிலக்குகள் உண்டு. எலியோக்காரிஸ் என்னும் பேரினத்துக் கோரைகள் பலவற்றுக்குத் தண்டு உருண்டே இருக்கும், இலைப்பரப்பு இராது, தண்டின் நுனியில் ஒரேயொரு சிறுகதிர் மட்டும் விளக்குத் திரிபோல் நிற்கும். எனவே தண்டு முதற்கேள்விதானே தவிர முடிவன்று.

தமிழர்க்குக் கோரை புதிய செடியன்று. குறுந்தொகையில் கொல்லிமலையின் தெய்வப் பாவையும் பேசப்படுகிறது. பஞ்சாய்க் கோரை வளரும் பள்ளமும் பேசப்படுகிறது. சங்க காலச் சிறுமியர் அக்கோரையைக் கிழித்துப் பாவை செய்து விளையாடியிருக்கின்றனர். இன்றும் முசிறிப் பகுதியின் காவிரிக் கரையிலும், திருநெல்வேலி மாவட்டத்துப் பத்தமடையிலும் பாய் முடையப்படுவது கோரையால்தான். பத்தமடைப் பாய்க்குரிய கோரையின் அறிவியற்பெயர் சைபெரஸ் பாங்கோரை என்பதாகும். அப்பெயரை உரக்கச் சொல்லிப் பார்ப்பவருக்கு அதன் இரண்டாம் பாதியில் தமிழ்ச் சொல்லே ஒலிப்பது கேட்கும். டேனிய அறிஞர் ராட்பெல் 1773-இல் வெளியிட்ட நூலில் அப்பெயரை இட்டார். அந்நூலுக்கு 1768-இல் தரங்கம்பாடிக்கு வந்த மருத்துவரும் தாவரவியலாருமான கோனிக் அனுப்பிய செடிகளும் அடிப்படையாயின. கரையோர உழவர் நாவில் வழங்கிய சொல் கோபன்ஹேகனில் லத்தீன் உடை உடுத்தி நிலைபெற்றுவிட்டது.

ஊர்ப்பெயர்களுக்கு இத்தகைய பெருமை இருந்தாலும், இனங்காணும் வேலைக்கு அவை மட்டும் போதுமானவையல்ல. வேளாண் நூல்கள் ஒரு நெல்வயற் களையை வட்டக்கோரை என்றும் மற்றொன்றை ஊசிக்கோரை என்றும் வழங்குகின்றன. ஆனால் ஊருக்கு ஊர் இப்பெயர்கள் இடம் மாறுகின்றன, ஒரே பெயர் இரண்டு மூன்று இனங்களின் மேல் பரவுகிறது. பயனுள்ள கோரைக்கு மக்கள் துல்லியமாகப் பெயரிட்டனர்; களையெடுப்பவர் கையில் சிக்கிப் போகும் கோரைக்கு அத்தனை துல்லியம் தேவைப்படவில்லை.

தென்னிந்திய நெல்வயல்களிலும் அவற்றை ஒட்டிய சேற்றுநிலங்களிலும் சேர்ந்தே காணப்படும் மூன்று கோரைகளைக் கொண்டு இனங்காணும் முறையை விளக்கலாம். மூன்றும் சைபெரஸ் பேரினத்தவை. மூன்றுக்கும் முப்பட்டைத் தண்டு. மூன்றிலும் தண்டின் நுனியில் குடைக்கம்பிகள்போலக் காம்புகள் விரிந்து, அவற்றின் முனையில் சிறுகதிர்கள் திரண்டு நிற்கும். சிறுகதிர் என்பது கோரைப் பூக்களின் மிகச் சிறிய கூட்டம். நடுவே ஓர் அச்சும், அச்சின் இரு பக்கங்களிலும் மீன்செதில்போல அடுக்கிய செதில்களும், ஒவ்வொரு செதிலின் கக்கத்திலும் இதழற்ற ஒரு பூவுமாக அது அமைந்திருக்கும். செதில்கள் இவ்வாறு இரு வரிசையில் தட்டையாக அடுக்கப்பட்டிருப்பதே சைபெரஸ் பேரினத்தின் அடையாளம். இதன் பக்கத்திலேயே முளைக்கும் ஃபிம்பிரிஸ்டைலிஸ் பேரினத்தில் செதில்கள் திருகுசுருளாகச் சுற்றி அடுக்கப்பட்டுச் சிறுகதிர் உருண்டிருக்கும். நெல்வயல்களில் மிகுதியாக வளரும் ஃபிம்பிரிஸ்டைலிஸ் லிட்டோராலிஸின் இலைகள் அடியில் ஒன்றையொன்று தழுவி விசிறிபோல் தட்டையாக நிற்பதால், அதைப் பூப்பதற்கு முன்பே பிரித்துவிடலாம்.

மூன்றில் முதலாவது சைபெரஸ் டிஃபார்மிஸ். இதன் சிறுகதிர்கள் நெருங்கித் திரண்டு, ஏறத்தாழ ஒரு சென்டிமீட்டர் குறுக்களவுள்ள உருண்டைகளாக நிற்கின்றன. வட்டக்கோரை என்ற பெயர் இதற்குப் பொருந்துவது இவ்வுருண்டையால்தான். செதில் ஒரு மில்லிமீட்டரை எட்டாது. அதனுள் இருக்கும் கொட்டைக்கனி வெளிர்நிறமானது, செதிலின் நீளத்தைக் கிட்டத்தட்ட நிறைத்து நிற்பது. இரண்டாவது சைபெரஸ் இரியா. இதில் உருண்டை இல்லை. சிறுகதிர்கள் ஒரு நீண்ட அச்சில் இடைவெளி விட்டு அமைந்து, மஞ்சளும் பொன்னிறமும் கலந்த தளர்ந்த கதிராகத் தோன்றும். செதில்கள் ஒன்றையொன்று முழுதும் மூடாமல் விலகி நிற்பதால், முதிர்ந்த கதிரைக் கைவில்லையில் பார்த்தால் செதில்களினூடே கரும்பழுப்புக் கொட்டைக்கனிகள் எட்டிப் பார்ப்பது தெரியும். மூன்றாவது சைபெரஸ் ஹாஸ்பன். இதன் சிறுகதிர்கள் மூன்று நான்காகச் சேர்ந்து விரல்கள்போல் விரிந்து செம்பழுப்பாக இருக்கும்; இலைகள் பல வேளைகளில் பரப்பை இழந்து வெறும் உறைகளாகச் சுருங்கியிருக்கும்; கதிர்க்கொத்தின் அடியிலுள்ள இலைபோன்ற பூவடியிலைகள், முதலிரண்டு இனங்களில் கொத்தைத் தாண்டி நீண்டு நிற்க, இதில் பெரும்பாலும் குட்டையாகவே இருக்கும். இதன் கொட்டைக்கனி அரை மில்லிமீட்டர் அளவினது, வெண்மையானது, மேற்பரப்பில் நுண்ணிய மருக்கள் கொண்டது, தன்னை மூடும் செதிலில் பாதியளவுகூட இராதது.

கொட்டைக்கனிக்கும் செதிலுக்கும் உள்ள இந்த அளவு விகிதத்தைப் பழகிய கண் மிக விரைவில் பிடித்துக்கொள்கிறது. செடி நிழலில் நின்றால் உயரமாகும், வெயிலில் நின்றால் குட்டையாகும், உரமிட்ட வயலில் கொழுக்கும், பாறை இடுக்கில் மெலியும். கொட்டைக்கனியோ இத்தனைக்கும் பெரிதாக அசைந்து கொடுப்பதில்லை. எனவேதான் தேர்ந்த சேகரிப்பாளர் பூக்கும் கோரையைவிட முதிர்ந்து காய் உதிரத் தொடங்கும் கோரையையே விரும்பி எடுக்கிறார். கண்ணுக்கு அழகாக இருக்கும் இளங்கதிர், ஆய்வு மேசையில் பெயரற்றதாகவே கிடக்க நேரும்.

ஹாஸ்பனிடம் ஒரு பொறி உண்டு. சைபெரஸ் டெனுயிஸ்பைகா என்னும் இனம் அதைப் போலவே விரல்போன்ற சிறுகதிர்களும் மருவுள்ள வெண்கனியும் கொண்டது. உலர்ந்த மாதிரிகளில் இரண்டும் அடிக்கடி மயங்கிப் போகின்றன. டெனுயிஸ்பைகாவின் செதில் இன்னும் சிறியது, அதன் நுனிமுள் சற்றே வெளிப்புறம் வளைந்தது. ஆனால் தெளிவான வேறுபாடு மண்ணுக்குள் இருக்கிறது: டெனுயிஸ்பைகா ஓராண்டுச் செடி, அடியில் நார்வேர்க் குஞ்சம் மட்டுமே உடையது, பல்லாண்டு வாழும் ஹாஸ்பனுக்கோ சேற்றில் கிடைமட்டமாக ஊரும் குட்டையான மட்டத்தண்டு உண்டு. கதிரை மட்டும் கிள்ளி வருபவர் இவ்வேறுபாட்டை வயலிலேயே விட்டுவிட்டு வருகிறார். கோரையைத் தோண்டி எடுக்க வேண்டும் என்பது வெறும் நடைமுறை விதியன்று. பெயரில் பாதி சேற்றுக்குள் இருக்கிறது என்பதே அதன் காரணம்.

கோரைக்கிழங்கு அல்லது முத்தக்காசு என்று நாட்டு மருந்துக் கடைகளில் கிடைக்கும் சைபெரஸ் ரோட்டண்டஸ் இதற்கு மற்றொரு சான்று. அதன் மட்டத்தண்டுகளில் கோத்த மணிகள்போல் கிழங்குகள் தொடர்கின்றன. மண்வெட்டியால் வெட்ட வெட்ட அக்கோவை அறுந்து, ஒவ்வொரு கிழங்கும் தனிச்செடியாகிறது. நார்வேர் மட்டுமுள்ள இரியாவோ காய் உதிர்வதற்கு முன் பிடுங்கினால் அத்தோடு தீர்ந்தது. இரண்டையும் ஒரே கோரை என்று கருதி ஒரே முறையில் களையெடுப்பவர் ஒன்றை ஒழித்து மற்றொன்றைப் பெருக்குகிறார். இனங்காணல் ஏட்டுப் படிப்பென்று எண்ணுவோருக்கு இதைவிட நேரான விடை வேறில்லை.

இனி, இடம். கொல்லிமலையில் உள்ளது போன்ற ஒரு நெல்வயற் பள்ளத்தில் மேட்டிலிருந்து ஓடைவரை நடந்தால், சில பத்து மீட்டர் தொலைவுக்குள் கோரைகள் முறை வைத்து மாறுவதைக் காணலாம். மேட்டுப் பயிரின் ஓரத்திலும் வரப்பின் முகட்டிலும் ரோட்டண்டஸ் நிற்கும். மிதிபடும் ஈர வரப்பில், வெண்ணிறப் பொத்தான்போல் தலை கொண்ட கைலிங்கா படர்ந்திருக்கும். உழுது சேறாக்கிய வயலுக்குள் டிஃபார்மிஸும், வயலிலும் நீர் வடிந்த ஓரங்களிலும் இரியாவும் முளைக்கும். உழவு படாமல், ஊற்று கசிந்து எந்நாளும் நனைந்திருக்கும் பட்டையில்தான் ஹாஸ்பனுக்கு ஏற்ற நிலம் அமைகிறது. நீர் முழங்காலளவு நிற்கும் குழிகளில் எலியோக்காரிஸ் தன் இலையற்ற தண்டுகளை நிறுத்தும். இவ்வரிசை எல்லா இடங்களிலும் அப்படியே அமையும் என்பதில்லை. ஆயினும் செடி நின்ற இடத்தின் நீர்நிலையைக் குறித்துக்கொள்வது, அதன் கனியை அளப்பதற்கு இணையான சான்றாகும்.

எந்நாளும் நனைந்த நிலத்தை ஒருநாள் மழையில் நனைந்த நிலத்திலிருந்து பிரித்தறிய மண்ணே உதவுகிறது. நீர் தேங்கிய மண்ணின் துளைகளில் காற்று இராது. உயிர்வளி தீர்ந்ததும் நுண்ணுயிரிகள் மண்ணிலுள்ள இரும்பைக் கரையும் வடிவுக்கு மாற்றுகின்றன, மண் செந்நிறம் இழந்து சாம்பலாகிறது. அந்த மூச்சற்ற சேற்றில் கோரை வாழ்வதற்குக் காரணம், அதன் இலையிலும் தண்டிலும் தொடங்கி வேர்வரை இறங்கும் காற்றறைத் திசு. மேலிருந்து வரும் உயிர்வளி அவ்வறைகளின் வழியே வேருக்கு இறங்கி, சிறிதளவு வெளியேயும் கசிகிறது. கசிந்த இடத்தில் இரும்பு மீண்டும் துருவாகிப் படிவதால், சாம்பல்நிறச் சேற்றுக்கட்டியை உடைத்துப் பார்த்தால் வேர் ஓடிய தடங்கள் செங்கோடுகளாகத் தெரியும். ஊற்றுக் கசிவின் மேல் எண்ணெய்போல மினுக்கும் படலத்தைக் கண்டு யாரோ எண்ணெய் கொட்டியதாக எண்ண வேண்டியதில்லை. ஒரு குச்சியால் தொட்டால் எண்ணெய்ப் படலம் மீண்டும் கூடிக்கொள்ளும், இரும்பை உண்டு வாழும் பாக்டீரியாக்களின் படலமோ கண்ணாடிச் சில்லுகளாக உடைந்து மிதக்கும். அவ்வாறு உடையும் படலம், அங்கே இரும்பு கரைந்த நிலத்தடிநீர் கசிந்துகொண்டிருக்கிறது என்பதன் அடையாளம்.

இலைக்குள்ளும் இடத்தின் கதை எழுதப்பட்டிருக்கிறது. சைபெரஸ் பேரினத்தில் ஏறத்தாழ 950 இனங்கள் உள்ளன. அவை ஒளிச்சேர்க்கை செய்யும் முறையால் இரு பிரிவாகின்றன. நெல்லைப் போல, கரியமில வாயுவைக் கொண்டு முதலில் மூன்று கரி அணுக்கள் உள்ள சேர்மத்தை ஆக்குபவை ஒரு பிரிவு. கேழ்வரகைப் போல, முதலில் நான்கு கரி அணுக்கள் உள்ள சேர்மத்தை ஆக்குபவை மறுபிரிவு. வெப்பத்தையும் நீர்க்குறையையும் தாங்குவதில் இரண்டாம் முறைக்கு ஆற்றல் அதிகம். டிஃபார்மிஸும் ஹாஸ்பனும் முதற்பிரிவைச் சேர்ந்தவை; இரியாவும் ரோட்டண்டஸும் இரண்டாம் பிரிவைச் சேர்ந்தவை. முதலிரண்டும் நீரை விட்டு விலகாமல் நிற்பதையும், இரியா வயலைத் தாண்டி ஈரமான மேட்டுப் பயிருக்குள்ளும் புகுவதையும், ரோட்டண்டஸ் காய்ந்த கொல்லையிலும் தளராமல் நிற்பதையும் இவ்வேறுபாடு மட்டுமே விளக்கிவிடாது. ஆனால் இலையின் மெல்லிய குறுக்குவெட்டை நுண்ணோக்கியில் பார்க்கும்போது, நரம்பைச் சுற்றிப் பசுங்கணிகம் செறிந்த செல்கள் மாலைபோல் வளையமிட்டிருக்கின்றனவா என்பதைக் கொண்டே அச்செடி எப்பிரிவினது என்று சொல்லிவிட முடியும்.

எளிய களையென்று பிடுங்கி எறியப்படும் இரியா, 1988-இல் அறிவியல் உலகை வியக்க வைத்தது. பூச்சிகளின் உடலில் சுரந்து, புழுப்பருவம் முடிந்து முதிர்ச்சி அடைவதைத் தடுத்துவைக்கும் இளமை இயக்குநீர் என்னும் சுரப்பு, அதே வேதி வடிவில் இக்கோரையில் இருப்பது அவ்வாண்டில் நேச்சர் இதழில் அறிவிக்கப்பட்டது. இதைத் தின்று வளர்ந்த வெட்டுக்கிளிகளின் உடலமைப்பு பிறழ்ந்தது. பெட்டைகளின் சினைப்பை வளர்ச்சி குன்றியது. இச்செடிக்குத் துல்லியமான பெயர் முன்பே இருந்திராவிட்டால், அந்த ஆய்வை மற்றொரு நாட்டில் மற்றொருவர் மீண்டும் செய்து பார்க்க வழியே இருந்திராது. வயலிலிருந்து தவறான கோரையைக் கொண்டுவந்து, அப்படி ஒன்றும் இல்லையே என்று முடிவு கட்டியிருப்பர்.

தமிழ்நாட்டுக் கோரைகளுக்கு இத்துல்லியம் பல தலைமுறைகளின் உழைப்பால் வந்தது. ராபர்ட் வைட் தொகுத்த இந்தியச் செடிகளில் கோரைக் குடும்பத்தை ஜெர்மானிய அறிஞர் நீஸ் ஆராய்ந்து எழுதிய பகுதி 1834-இல் வெளிவந்தது. கேம்பிள் தொடங்கிய சென்னை மாகாணத் தாவர நூலை, 1925-இல் அவர் மறைந்த பின் ஃபிஷர் தொடர்ந்து எழுதி முடித்தார். பின்னர் திருச்சிராப்பள்ளித் தூய வளனார் கல்லூரியின் ராபினட் உலர்தாவரக் கூடத்தை நிறுவிய கே. எம். மத்தேயு அடிகளார், கொல்லிமலை, பச்சைமலை, சேர்வராயன் மலை முதலியவற்றை உள்ளடக்கிய தமிழ்நாட்டுக் கர்நாட்டிக் பகுதி முழுவதையும் தம் குழுவினரோடு தேடிச் சேகரித்து, 1981 முதல் 1983 வரை அடுத்தடுத்து வெளியிட்ட தொகுதிகளில், விளக்கப் படங்களோடு பதிவு செய்தார். கொல்லிமலையில் ஒரு கோரையைக் கையிலெடுக்கும் மாணவர் இன்றும் முதலில் திறக்க வேண்டிய நூல் அதுவே. அந்நூலின் பெயர்களில் சில இப்போது மாறியுள்ளன. மரபணு ஆய்வுகளின் விளைவாகக் கைலிங்கா போன்ற சிறு பேரினங்கள் சைபெரஸுக்குள்ளேயே சேர்க்கப்பட்டுவிட்டன. பெயர் மாறினாலும் வரைந்த படமும் உலர்த்திய செடியும் மாறுவதில்லை.

உலர்தாவரத் தாள் என்பது செடியையும் அதன் குறிப்புச்சீட்டையும் சேர்த்தே குறிக்கும். உரிய அனுமதியோடு எடுக்கப்பட்ட கோரை வேரோடு கழுவப்பட்டு, நீண்டிருந்தால் நெளிகோடாக மடிக்கப்பட்டு, தாள்களுக்கிடையே அழுத்தி உலர்த்தப்படுகிறது. மலையின் மழைக்காலத்தில் தாள்களை நாள்தோறும் மாற்றாவிட்டால் பூஞ்சை பிடிக்கும், சிறுகதிர்கள் கழன்று விழும்; விழுந்தவற்றைச் சிறு காகிதப் பொட்டலத்தில் இட்டு அதே தாளில் ஒட்டுவது வழக்கம், ஏனெனில் பின்னாளில் ஆராய்பவர் தேடுவது அப்பொட்டலத்திலுள்ள கனிகளைத்தான். சீட்டில் நாளும் உயரமும் ஊரும் எழுதப்படுகின்றன. அவற்றோடு நீரின் ஆழம், நீர் ஓடியதா தேங்கியதா, நிலம் உழவு பட்டதா, பக்கத்தில் வேறென்ன நின்றது என்பவையும் எழுதப்பட வேண்டும். கொல்லிமலையில் சிறுதானியம் விளைந்த நிலங்களில் மரவள்ளி பெருகியது போலவே, தாழ்வுகளின் பயன்பாடும் மாறக்கூடியது: ஊற்றுப்பட்டையில் வடிகால் வெட்டி மேட்டுப் பயிர் வைத்தால் ஹாஸ்பனுக்கு இடமிராது, சில பருவங்களில் அங்கே ரோட்டண்டஸ் கிழங்கு கோத்துவிடும். அப்படி மாறிய நிலத்தில், முப்பது நாற்பது ஆண்டுகளுக்கு முன் எடுத்த தாளொன்றில் ‘கொல்லிமலை’ என்று மட்டும் எழுதியிருந்தால், அச்செடி எந்த நீரில் நின்றது என்பதை இனி யாரும் மீட்டெடுக்க இயலாது. ‘நெல்வயலின் மேற்கோடியில், உழாத ஊற்றுச்சேற்றில், கணுக்கால் ஆழ நீரில்’ என்று எழுதியிருந்தால், செடியோடு அந்த ஊற்றும் தாளில் இருக்கும்.